மறைத்த அரைமணி நேரம்

நரிக்குடி வீரபத்திரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆட்டு வியாபாரி. 1995 புரட்டாசியில் ஒரு நாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரின் வலது கை திடீரென்று துவண்டது. நாக்கு குழறியது. மனைவி மாரிக்கனி பதறிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

பேச்சு வந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "வெளிய மூச்சு விட்றாத. நாளைக்கழிச்சு காரியாபட்டிக்காரவுக சுமதியப் பொண்ணு பாக்க வாராக. வாதம் வந்த வீடுன்னா திரும்பிப் போயிருவாக."

மாரிக்கனி மகளிடம்கூட மூச்சு விடவில்லை. நிச்சயம் முடிந்து, பங்குனியில் கல்யாணம் என்றானது.

தை மாதம் அவருக்குப் படபடப்பு அதிகமாகி, அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். டாக்டர் நவநீதகிருஷ்ணன் நாடியைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்.

"இதயம் தாளம் தப்பித் துடிக்குது. உள்ள ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. உங்களுக்கு எவ்வளவு ஆபத்துன்னு பாக்கணும்."

பிரஷர் இல்லை. சர்க்கரை இல்லை. வயதும் அதிகமில்லை.

"எப்பவாவது கை கால் விழுந்துச்சா? கொஞ்ச நேரமாச்சும் பேச்சு குழறுச்சா?"

"அப்படி ஒண்ணுமில்லய்யா" என்றார் வீரபத்திரன்.

டாக்டர் மாரிக்கனியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். "இல்லைங்கய்யா."

"அப்ப ஆஸ்பிரின் போதும். இதைவிட வீரியமான மாத்திரை இருக்கு. அதுக்கு மாசாமாசம் மதுரையில ரத்தம் சோதிக்கணும். அளவு கூடுனா ரத்தக்கசிவு வரும். இவருக்கு இப்ப வேண்டாம்."

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, திருச்சுழிச் சந்தையில் விலை பேசிக்கொண்டிருந்த வீரபத்திரன் அப்படியே சரிந்தார். இந்த முறை கையும் திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தி பொன்னுச்சாமி வந்தார். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள் மாரிக்கனி.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு தங்கச்சி. இதுக்குப் போயி யாராச்சும் கல்யாணத்த நிறுத்துவாகளா?" என்றார் அவர்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். புருஷனுக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

சுமதியின் கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. வீரபத்திரனை நாற்காலியில் தூக்கிவந்து வைத்தார்கள். சித்தப்பா சின்னத்துரை தாரை வார்த்துக் கொடுத்தார்.

மறுவாரம் மாரிக்கனி டாக்டரிடம் போய் நின்றாள். "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்யா."

எல்லாவற்றையும் கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஒண்ணு தெரிஞ்சிருந்தா நான் வேற மாத்திரை எழுதியிருப்பேன்மா." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதைக் குடுத்திருந்தாலும் வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னது அவள் மனதில் ஒட்டவில்லை.

அதற்கப்புறம் அந்த வீரியமான மாத்திரைக்காக ரத்தம் சோதிக்க, மாதம் ஒருமுறை மதுரை பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் தோளைக் கொடுத்தபடி போய்வந்தாள். ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, எம்மேல கோவமா?"

அவர் அவளையே பார்த்தார். வாய் கோணியது. "தா... தா..." என்றார். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சத்தம் மட்டும்தான்.