பசும்போர்வை

கீழ்த்திசை மலைகளின் தோள்களில் வெண்பஞ்சுப் பொதியெனக் கிடந்த மூடுபனி, இளங்கதிர் தொட்டதும் மெல்லக் கரைந்து, பலாபத்வலைச் சரிவுகளின் புல்நுனிகளில் முத்தெனத் தொங்கியது. மேட்டிலே மூங்கில் முணுமுணுக்க, தாழ்விலே நெற்பயிர் தலையசைக்க, ஒரே குலத்திற் பிறந்து நெடியனவும் குறியனவுமாய் வளர்ந்த அப்பசுமைகள் யாவும் மலைமண்ணை வேர்விரல்களாற் பற்றியவாறே விழித்தன.

அவ்வேளையில் ஸரீனா அடுக்களைச் சாளரத்தருகே நின்றாள். ஓடைக்கு அப்பால், எதிர்ச்சரிவின் அடக்கத்தலத்தில், சென்ற ஆண்டு மறைந்த அவள் கணவர் அப்துல் ஸமத் ஒரு மண்மேட்டின் கீழ் அடங்கியிருந்தார். பெண்கள் அங்கே செல்வது அவ்வூர் வழக்கமன்று. சாளரத்தினூடே நோக்குவதே அவளுக்கு வாய்த்தது. அந்நோக்கையும் இப்போது புல் மறைத்துவிட்டது.

"கபுறே தெரியுதில்ல மகன். எந்த இடத்தப் பாத்து கையேந்தி துஆ கேக்குற?"

விடுமுறைக்கு வந்திருந்த றிகாஸ் சிரித்தான். "கபுறுல நிக்கிற பச்சய புடுங்கக் கூடாது, அது அல்லாஹ்வத் துதிச்சு தஸ்பீஹ் செய்யுதுன்னு நீங்கதானே உம்மா சொல்லித் தந்தீங்க?"

"சொன்னதுதான். இந்த ஒருக்கா மட்டும் புடுங்கு."

"மாட்டுக்குப் புல் வெட்டியே வாப்பாட காலம் போச்சு. இப்ப அவருக்கு நான் வெட்டப் போறேன்!"

அவன் ஓடை கடந்து சென்று புல்லை வேரோடு அகழ்ந்தெறிய, செம்மண் மேடு புதுப்புண்போற் புலப்பட்டது. அவளோ அதனை, இழந்த முகத்தையே மீளக் கண்டவள்போல் நெடுநேரம் நோக்கி நின்றாள்.

மறுநாள் வானம் உடைந்து கொட்டியது. புல் மூடிய மற்றை மேடுகளெல்லாம் அசையாதிருக்க, அவர் மேடு மட்டும் செந்நீராய் இழிந்து ஓடையிற் கலந்தது. தலைமாட்டுக் கல்லும் சாய்ந்தது.

"றிகாஸ்! வாப்பாட மண்ணு போகுது!"

கூவியவள் கொட்டும் மழையில் மாட்டுக்கொட்டிலின் பின்புறம் ஓடி, கணவர் தம் கையால் நட்டு வளர்த்த புல்லை வேரும் மண்ணுமாய்ப் பெயர்த்துச் சாக்கிலிட்டு மகன் தோளில் ஏற்றினாள். "நெருக்கி நடு. மிதிச்சிராத."

தான் செல்லலாகா அவ்விடத்திற்குத் தன் கை பெயர்த்த புல் செல்வதைச் சாளரத்தில் நின்று கண்டாள். நட்ட புல் மண்ணைப் பற்றியது. செந்நீர் வரவரத் தெளிந்தது.

தை பிறக்குமுன் மேடு மீண்டும் மறைந்தது. சோறு பரிமாறும்போதெல்லாம், "நெல்லும் புல்லுத்தான் ஸரீனா. மாட்டுக்கும் நமக்கும் ஒரே தீனி!" என்று அவர் சீண்டியதை நினைந்து புன்னகைத்தவாறே, அவள் தட்டோடு சாளரத்தருகே அமர்ந்தாள். எதிர்ச்சரிவெங்கும் காற்று பசுமையை வருடிச் சென்றது. எவ்விடமென்று அவள் தேடவில்லை. கண்ணுக்குக் காட்டாமற் காப்பதும் அன்பின் ஒரு தொழிலே. அதனைப் புல் ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தது.