ஆளில்லாத ஓடம்

உஷா செய்தது பெரிய பிழை. அதைச் செய்யச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், புதன்கிழமைகளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் லியூ அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கப் போவாள். அங்கே சுவரில் ஆளுயரச் சீன ஓவியம் ஒன்று தொங்கியது. கீழே ஆளில்லாத ஓடம். மிச்சமெல்லாம் வெறும் தாள். அந்த வெறுமையில் பல கைகள் எழுதிய எழுத்துகளும் சிவப்பு முத்திரைகளும் இருந்தன. படம் வைத்திருப்பவர்கள் அதன்மேலேயே எழுதுவது சீனர் வழக்கம் என்று லியூ அம்மாவின் மகள் மே சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் கொழும்பிலிருந்து உறவினர் கடிதம். மகன் யசீகரன் ஊரிலிருந்து கிளாலிக் கடலால் படகில் கொழும்புக்கு வெளிக்கிடப்போகிறான். அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். கிளாலியில் கடற்படையின் சூட்டுக்குத் தப்பினவர்கள்தான் கரை சேர்ந்தார்கள்.

உஷா மகனின் போட்டோவைக் காட்டினாள், ஓடத்தைக் காட்டினாள், அழுதாள். இரண்டு பேருடைய இங்கிலிஷும் அதற்குமேல் போகாது. லியூ அம்மா மை அரைத்துத் தூரிகையை நீட்டினாள். படத்தில் எழுதியிருப்பதெல்லாம் பயண வாழ்த்தாக்கும் என்று நினைத்து, ஓடத்துக்கு மேலே 'யசீகரன்' என்று எழுதினாள் உஷா. மனம் கொஞ்சம் ஆறியது.

அடுத்த புதன் மே வந்திருந்தாள். தமிழ் எழுத்தைக் கண்டு தாயிடம் விசாரித்துவிட்டு, உஷாவின் கையைப் பிடித்து, மகன் எப்போது தவறினார் என்று கேட்டாள்.

பிறகு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். தண்ணீரில் போய்த் திரும்பாத தம்பிக்கு ஒருவர், கணவனுக்கு ஒருத்தி, மூத்த மகனுக்கு லியூ அம்மா. நூறு வருஷமாக அந்தக் குடும்பம் அந்த ஓடத்துக்குமேல் செத்தவர்களை மட்டுமே எழுதி வந்திருக்கிறது. எழுத்தை விட்டுப் பார்த்தால் அது அழகான ஓடம்தான். அடி பாவி, வாசிக்கத் தெரியாத எழுத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் இருத்தலாமா?

"வெறும் மையப்பா அது. உமக்கென்ன விசரே?" என்றான் கணவன் கதிர்காமநாதன்.

"அழிக்கேலாது. தாளுக்குள்ள ஊறிப்போச்சு."

"எழுதினதால ஆக்கள் சாகிறேல்லை." சொன்னவன் சோற்றில் கைவைக்கவில்லை.

"கொழும்புக்குப் போன் எடுத்தனீங்களோ?"

"ஓம். போன வியாழன் வெளிக்கிட்டவனாம். இன்னும் வந்து சேரேல்லையாம்."

மூன்றாவது புதனும் தகவல் இல்லை. பெயர் இருக்கும் துண்டை வெட்டித் தருகிறேன் என்று மே கத்தரிக்கோலோடு நின்றாள். உஷா வேண்டாமென்று தலையாட்டினாள். பயம் போகவில்லை. ஆனாலும் பிள்ளையை அந்தத் தண்ணீரில் தனியே விட அவளுக்கு மனம் வரவில்லை. லியூ அம்மாவிடம் மை அரைக்கச் சொல்லி, மகனின் பெயரோடு ஒட்டினாற்போல் 'உஷா' என்று எழுதினாள்.