காலி டப்பாவின் மேடு

எலெக்ட்ரான்களைப் புரோட்டான்களின் மேல் வீசி, அவை எந்தக் கோணத்தில் தெறிக்கின்றன என்று எண்ணுவதுதான் எங்கள் பிழைப்பு. புரோட்டான்களுக்காக, மெல்லிய அலுமினிய டப்பா ஒன்றில் திரவ ஹைட்ரஜனை நிரப்பியிருந்தோம். அந்த வாரக் களைப்பில் என் கண்ணுக்குக் கீழே தொங்கிய பையில் குடும்பத்துக்கே காய்கறி வாங்கி வந்திருக்கலாம்.

திரையில் தெரிந்த வரைகோட்டில் யாரும் எதிர்பாராத ஒரு மேடு எழும்பியிருந்தது. புரோட்டானுக்குள் புதிதாக ஏதோ இருப்பதாகக் குழுத் தலைவன் துள்ளினான். அவன் என் மனைவியின் தம்பி. இந்த முறையும் முடிவு வராவிட்டால் அவனுடைய குழுவைக் கலைத்துவிடுவார்கள். மறுநாளே அறிவித்துவிடத் துடித்தான்.

"மாப்ளே, டப்பாவைக் காலி பண்ணிட்டு ஒரு தடவை அடிச்சுப் பாத்தியா?"

"மாமா, நமக்கு எலெக்ட்ரான் பீம் குடுக்கறது இன்னிக்குச் சாயங்காலத்தோட சரி. வெறும் டப்பாவை அடிச்சு அதையும் வீணாக்கச் சொல்றீங்களா?"

"உங்கக்காவும் இப்படித்தான், ருசி பாக்காமலே பரிமாறுவா."

"இருங்க, அக்காகிட்டயே சொல்றேன்" என்று முறைத்தவன், கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு ஹைட்ரஜனை வெளியேற்றச் சொன்னான்.

காலி டப்பாவிலும் அதே மேடு, அதே இடத்தில், அதே உயரத்தில் வந்தது. எலெக்ட்ரான்கள் அலுமினியச் சுவரில் பட்டுத்தான் தெறித்திருக்கின்றன.

"நாளைக்கு என்னடா சொல்லப்போற?"

"டப்பா நல்ல டப்பான்னு சொல்றேன். கலைச்சா கலைக்கட்டும், மாமா. முதல்ல தூங்கணும்."

மேசையிலேயே தலை சாய்த்தான். பீம் நின்ற பிறகும் அவன் குறட்டையை எங்கள் கருவிகள் எண்ணிக்கொண்டிருந்தன என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.