கடுகளவு மஞ்சள்

தன் ஊரைத் தேடிப் பார்க்கும்வரை ரத்தினசாமிக்கு அந்த உலகப்படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

சிவகாசியில் அவருக்கு ஓர் அச்சகம் இருந்தது. காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் ஓட்டுவார். 2004 ஐப்பசியில் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் சார்ட் ஒன்றுக்குப் பத்தாயிரம் பிரதி ஆர்டர் கிடைத்தது. ‘உலகத் தட்பவெப்பமும் இயற்கைப் பிரதேசங்களும்’ என்று தலைப்பு. நடுவே உலகப்படம், சுற்றிலும் எட்டுக் கட்டங்களில் எட்டு ஓவியம். பனிப்பிரதேசம், ஊசியிலைக் காடு, புல்வெளி, மழைக்காடு, பாலைவனம் என்று வரிசையாகப் போகும்.

வரைந்தது பாண்டிராஜ். இருபது வருஷமாகப் பட்டாசு லேபிளே வரைந்து பழகிய கை அவனுடையது. அதனால் புல்வெளிச் சிங்கத்தின் தலைக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் மத்தாப்புப் பொறி பறந்தது. பனிக்கரடி, “தீபாவளிக்கு வாங்குங்கள்” என்பது போல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. ரத்தினசாமிக்கு இரண்டுமே பிடித்திருந்தன. சனிக்கிழமை காலை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லா நிறமும் போட்ட மாதிரித்தாளில் இந்தியாவைக் கண்டுபிடித்தார். அதற்குள் தமிழ்நாட்டைக் கண்டுபிடித்தார். அதற்குள் சிவகாசி இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அங்கே கடுகளவு மஞ்சள் இருந்தது.

“ஏலே பாண்டிராஜ், இது என்னது? எலி கிலி ஓடுச்சா தாளு மேல?”

“இல்ல அண்ணாச்சி. முட்புதர்க்காட்டுக்கு மஞ்சள் போடணும்னு டீச்சர் எழுதிக் குடுத்திருக்காக.”

“மேக்க எம்புட்டுப் பச்சை! கேரளாக்காரனுக்கு டப்பாவோட கொட்டிட்டு, நமக்கு வரும்போது பெயிண்டு தீந்துபோச்சாக்கும்?”

அவருடைய கோபத்துக்குக் காரணம் வேறு. மகளுக்கு நாகர்கோவில் பக்கம் சம்பந்தம் முடிவாகியிருந்தது. சம்பந்தி அய்யாதுரை ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறவர். வீட்டைச் சுற்றி வாழையும் தென்னையும் அடைத்துக்கொண்டு நிற்கும். நிச்சயதார்த்தத்துக்குச் சிவகாசி வந்தவர், காரைவிட்டு இறங்கியதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “உங்க ஊர்ல நெழல விலைக்குத்தான் வாங்கணும் போலிருக்கே சம்பந்தி” என்று சொல்லிவிட்டார். பந்தியில் போட்ட சுக்காவை மறந்தாலும் ரத்தினசாமி அந்த வார்த்தையை மறக்கவில்லை. இந்த சார்ட் நாளைக்கு அய்யாதுரையின் பள்ளிக்கூடத்திலும் தொங்கும். பிள்ளைகள் குச்சியை வைத்துக் காட்டிப் படிப்பார்கள்.

“நேத்து மஞ்சள் மட்டுந்தானே ஓடியிருக்கு? நீல பிளேட்டுல நம்ம ஊருக்கு ஒரு புள்ளி வச்சிரு. மஞ்சள் மேல நீலம் விழுந்தா பச்சையாயிரும். சோலி முடிஞ்சது.”

அந்த நேரம் பார்த்துத்தான் அருணாதேவி உள்ளே வந்தார். சாத்தூரில் புவியியல் ஆசிரியை. சார்ட்டின் வாசகங்களை எழுதியவர், பிழை பார்த்துக் கொடுப்பவரும் அவர்தான். குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “யாரு ஊரைப் பச்சையாக்கப் போறீக?” என்று கேட்டார்.

ரத்தினசாமி விஷயத்தைச் சொன்னார். சம்பந்தியை மட்டும் விட்டுவிட்டார்.

“அண்ணாச்சி, ஒரு ஊருக்கு எம்புட்டு மழை, எம்புட்டு வெயில்னு சொல்லிட்டா, அங்கன என்ன முளைக்கும், எது மேயும்னு சொல்லிரலாம். நாம ஆசப்பட்டு மாத்த முடியாது. மேக்க இருந்து வர்ற மேகம் மலையில முட்டி அந்தப் பக்கமே பெஞ்சு தீத்துருது. மலையத் தாண்டி நமக்கு வர்றது வெறுங்காத்து. நாம மழைமறைவுப் பிரதேசம்.”

“அதென்ன நியாயம்? அவனுக்கு மழை, நமக்குக் காத்தா?”

“அத மலைகிட்டத்தான் கேக்கணும்.”

“வெம்பக்கோட்டைப் பக்கம் எனக்குப் பத்து ஏக்கர் கெடக்கு டீச்சர். ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனதில்ல. வருஷம் முச்சூடும் பச்சைப்பசேல்னு நிக்கும். வந்து பாருங்க. பாத்துட்டு மஞ்சள்னு சொன்னீகன்னா நான் வாயத் தெறக்கல.”

“போவோம். பச்சையா இருந்தா நானே புள்ளி வைக்கிறேன். இல்லாம நீங்களா வச்சீகன்னா சார்ட்டுல இருந்து என் பேரை எடுத்துருங்க.”

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் ரத்தினசாமியின் குவாலிஸில் கிளம்பினார்கள். அவரே ஓட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முந்தின வாரம் வாங்கிய தோல் செருப்பு. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்ததைப் பாண்டிராஜ் இரண்டு தடவை சொன்னான். “நம்ம ஊரு மேகம்லே அது, சும்மா வேடிக்கை பாக்க வரும்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தார்ரோட்டிலிருந்து இறங்கிக் கரிசல் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் நிலம் வந்தது. பச்சைதான். பத்து ஏக்கரும் இடைவெளியில்லாமல் பச்சை. ரத்தினசாமி கோயில் கட்டியவரைப் போல இறங்கி நின்றார்.

“இப்பச் சொல்லுங்க. இது மஞ்சளா?”

“சீமைக்கருவேலம்” என்றார் அருணாதேவி. “மெக்சிகோக்காரன்.”

“எவன்?”

“இந்த மரந்தான். அவுக ஊர்லயும் மழை இம்புட்டுத்தான், வெயிலும் இதே வெயிலுதான். விறகுக்காகன்னு இங்கன கொண்டாந்து போட்டாக. சொந்த ஊரு மாதிரியே இருக்கேன்னு சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுச்சு. இத நாகர்கோவில் தோப்புல கொண்டுபோய் நட்டுப் பாருங்க, இந்த ஆட்டம் ஆடாது.”

ரத்தினசாமி தன் நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “அப்ப பத்திரம் என் பேருல, குடியிருக்கிறது மெக்சிகோக்காரனா?”

பாண்டிராஜ் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான்.

தோற்றுப்போய் வண்டியில் ஏற முதலாளிக்கு மனசில்லை. அந்தக் கோடியில் வேறு மரம் நிற்கிறது, அது அசல் நாட்டுப் பச்சை என்று சொல்லி முன்னால் நடந்தார். இருநூறு அடி போயிருப்பார்கள். முதல் துளி அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது துளி என்று தனியாக ஒன்று விழவில்லை, மொத்தமாகக் கவிழ்ந்துவிட்டது.

“ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே ரத்தினசாமி வண்டியைப் பார்த்து ஓடினார். நனைந்த கரிசலில் ஓடக்கூடாது என்பது அந்த வட்டாரத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அச்சகத்துச் சிமெண்டுத் தரையிலேயே முப்பது வருஷம் நடந்தவருக்கு அது மறந்துபோயிருந்தது. நான்கு எட்டில் செருப்பு ஆப்பம் மாதிரி விரிந்தது. எட்டு எட்டில் பணியாரச் சட்டி கனத்துக்கு வந்தது. பத்தாவது எட்டில் கால் மட்டும் மேலே வந்தது, செருப்பு பூமியிலேயே தங்கிவிட்டது. அதைக் குனிந்து பிடுங்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குடை விரித்தது போல நின்ற உடைமரத்தடியில், உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகள்.

“ஓடாதீக மொதலாளி! கரிசல்ல மழைக்கு ஓடுனவன் வீடு போய்ச் சேந்ததில்ல. செருப்ப விட்டுட்டு இங்கன வாங்க.”

முதலாளியும் பாண்டிராஜும் செருப்பை விட்டுவிட்டு வந்தார்கள். அருணாதேவி முதலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தார். மூன்று பேரும் ஆடுகளோடு ஆடுகளாக ஒண்டிக்கொண்டார்கள்.

அவள் பேர் மாடத்தி. பக்கத்து ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் வேலை.

“கம்பெனியாளு எதுக்குத் தாயி ஆடு மேய்க்க வந்த? இப்ப சீசனாச்சே?” என்று கேட்டார் ரத்தினசாமி.

“சீசன்தான். மேகம் தெரண்டா கம்பெனி கெடையாதுல்ல. மருந்து நமுத்துப்போகும், திரி காயாது, கதவச் சாத்திருவாக. வெயிலடிச்சா நான் பட்டாசுக்காரி, மழை பெஞ்சா ஆட்டுக்காரி.” சொல்லிக்கொண்டே ஓர் ஆட்டின் காதைப் பிடித்து இழுத்து முதலாளியின் சட்டைப்பையை அதன் வாயிலிருந்து விடுவித்தாள். “இந்த உடைமரத்து நெத்துன்னா இதுக உசுர விட்டுரும். தின்னுட்டுப் போற எடமெல்லாம் புழுக்கை போடும். புழுக்கையில வெத இருக்கும். இந்தா பெய்யுதுல்ல, இந்த மழைக்கு மொளச்சிரும். மரத்துக்கு ஆடு வேணும், ஆட்டுக்கு மரம் வேணும், ரெண்டுக்கும் இந்தக் காய்ஞ்ச பூமி வேணும். நித்தம் மழை பெஞ்சா ஆட்டுக்குக் கால்புண்ணு வந்துரும்.”

அருணாதேவி பையிலிருந்து ஈர நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். மழையினூடே எங்கோ கௌதாரி கத்தியது. தூரத்தில் ஒரு மயில் தோகை நனைந்து துடைப்பம் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. பொட்டல் என்று நினைத்திருந்த இடத்தில் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்களா என்று ரத்தினசாமிக்குத் தோன்றியது.

ஒரு மணி நேரத்தில் மழை நின்றது. வண்டிக்கு வந்தார்கள். சாவியைத் திருகினால் சக்கரம் மட்டும் சுற்றியது, வண்டி அசையவில்லை. பின்னால் நின்று தள்ளிய பாண்டிராஜ் தலைமுதல் கால்வரை கரிசல் பூசிக்கொண்டான். கண் இரண்டு மட்டும் தெரிந்தது.

“சக்கரத்துக்கு அடியில கிளைய வெட்டிப் போடு. பிடிமானம் கெடச்சிரும்” என்றார் ரத்தினசாமி.

“கருவேலங்கிளைய போடாதீக மொதலாளி” என்றாள் மாடத்தி.

“இம்புட்டு நாளு என் நிலத்துல சும்மா இருந்துச்சில்ல? இன்னைக்கு ஒருநாள் வேலை செய்யட்டும்.” அவரே ஒடித்துக்கொண்டுவந்து போட்டார்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது. ரத்தினசாமி வெற்றிச் சிரிப்பு சிரித்தார். அப்போது சக்கரத்துக்கு அடியில் புஸ்ஸென்று ஒரு நீளமான சத்தம். கொஞ்சம் பொறுத்து, மறுபக்கமும் அதே சத்தம்.

அருணாதேவி பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னார்: “தண்ணி கம்மியான ஊருல ஒவ்வொரு இலையும் மரத்துக்குப் பொன்னு மாதிரி. போறவன் வாறவன் திங்காம இருக்கத்தான் முள்ளு வச்சிருக்கு.”

“நான் திங்கலையே டீச்சர்” என்றார் ரத்தினசாமி பரிதாபமாக.

வண்டியை மாடத்தி பொறுப்பில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு தார்ரோட்டுக்கு நடந்தார்கள். பஸ் வந்தது. கண்டக்டர் ஒரு கையை நீட்டிப் படியை மறித்தார். “மூணு பேரு ஏறலாம். காலுல இருக்கிற ரெண்டு ஏக்கர எறக்கி வச்சிட்டு ஏறுங்க.” சிவகாசியில் பாதி லேபிள் அடிக்கிற முதலாளி, மைல்கல்லில் காலைத் தேய்த்துத் தேய்த்து மண்ணைக் கழற்றிவிட்டு ஏறினார். ஊர் வரும்வரை ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

மழை சிவகாசிக்கும் வந்திருந்தது. திங்கட்கிழமையும் விடவில்லை. பாண்டிராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு தாளைக் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை மஞ்சள் ஓட்டி அடுக்கிவைத்த தாளெல்லாம் ஈரம் குடித்து நீண்டுவிட்டதாம். மேலே நீலம் ஓட்டிப் பார்த்தால் எதுவும் எதிலும் பொருந்தவில்லை. ஆப்பிரிக்கக் காடு விரற்கடை தள்ளிக் கடலுக்குள் இறங்கியிருந்தது. ஒட்டகத்துக்கு மூன்று திமில். பனிக்கரடி இரண்டு மூக்கோடு சிரித்தது.

“பசையும் காயல அண்ணாச்சி. காலண்டரெல்லாம் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. தெருவுல எல்லா பிரஸ்லயும் இதே கூத்துதான்.”

“நம்ம ஊருக்கு எதுக்குலே இம்புட்டு மழை?” என்று ரத்தினசாமி மேசையில் அடித்தார். “இதென்ன நாகர்கோவிலா? காய்ஞ்சு கெடந்தாத்தானே இங்கன பொழப்பு ஓடும்! தாளு காயணும், தீக்குச்சி காயணும், வெடி காயணும்…”

சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். பாண்டிராஜ் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரத்தினசாமி இரண்டு மூக்கோடு சிரித்த அந்தக் கரடியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சாத்தூருக்கு போன் போட்டார்.

“டீச்சர், மஞ்சளே இருக்கட்டும்.”

“சந்தோஷம் அண்ணாச்சி.”

“ஒரு விண்ணப்பம். பழைய தாளு அம்புட்டும் வீணாப்போச்சு. மொதல்ல இருந்துதான் ஓட்டணும். அதோட ஒம்பதாவதா ஒரு கட்டம் போட்டுக்கிருவோம், நம்ம ஊருக்கு. உடைமரம், கௌதாரி, மயிலு, ஆடு எல்லாம் வரட்டும். வாசகம் நீங்க எழுதுங்க. ‘வறண்ட’ங்கிற வார்த்தை மட்டும் ஒருதடவைக்கு மேல வேண்டாம்.”

நான்கு நாள் கழித்து வெயில் அடித்தது. அச்சு இயந்திரம் ஓடியது. பத்தாயிரம் சார்ட்டும் அடித்துக் கட்டி லாரி ஏறின. கார்த்திகையில் நாகர்கோவிலிலிருந்து சம்பந்தியின் போன் வந்தது. என்ன சொல்லப்போகிறாரோ என்று ரத்தினசாமி நின்றுகொண்டே பேசினார்.

“சம்பந்தி, சார்ட் பாத்தேன். உங்க ஊருக்குன்னு தனிக் கட்டமே போட்டிருக்கியளே! எங்க ஊருக்கு வெறும் பச்சை மட்டுந்தானா? ஒரு ஆடுகூடப் போடல?” அய்யாதுரையின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. “அடுத்த வருஷம் பாப்போம்” என்று பெருந்தன்மையாகச் சொல்லி ரத்தினசாமி போனை வைத்தார். அன்று மத்தியானம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அந்த உற்சாகத்தில் சாயங்காலமே ஒரு சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டைக்குப் போனார். வண்டியைத் தார்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தார். மாடத்தி கம்பெனி விட்டு வந்து ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். கையில் வெள்ளி மருந்து மினுமினுத்தது. சார்ட்டை விரித்து, இரண்டு காலில் எழும்பி நின்று உடைமரத்தை மேயும் ஆடு இருந்த ஒன்பதாவது கட்டத்தைக் காட்டினார்.

“பாரு தாயி. ஒன் ஆடுதான். பத்தாயிரம் பள்ளிக்கூடத்துல தொங்குது.”

மாடத்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். உடைமரத்தைப் பார்த்தாள். கௌதாரியைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினாள். ஆட்டை வெகுநேரம் பார்த்தாள்.

“மொதலாளி, இது என் ஆடு இல்லையே.”

“ஏன்?”

“வெள்ளாட்டுக்கு வாலு மேல நிக்கும். இதுக்குக் கீழ தொங்குது. இது செம்மறி. செம்மறி எங்கன ரெண்டு கால்ல நின்னு மரத்துல மேயும்?”

ரத்தினசாமி பக்கத்தில் நின்ற ஆட்டைப் பார்த்தார். வால் மேலேதான் நின்றது. அடுத்த ஆட்டைப் பார்த்தார். அதற்கும் அப்படித்தான். எல்லா ஆட்டையும் பார்த்துவிட்டு, சார்ட்டை மெல்லச் சுருட்டினார்.

“தாயி,” என்றார் குரலைத் தாழ்த்தி, “இந்தச் சேதி சாத்தூர் டீச்சர் காதுக்கு மட்டும் போயிரக்கூடாது.”