ஈமுவை முதலில் கண்டது யார்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை ஒரு பறவையால் வந்தது. அதுவும் பறக்கத் தெரியாத பறவை.

இதை எழுதுகிறவள் பெயர் ராஜி. லண்டன் கிங்ஸ்பரி வீட்டின் மாடிச் சின்னறையில், துணி காயப்போட்ட சட்டகத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்து எழுதுகிறாள். தன்னைப் பற்றியே ‘அவள்’ என்று எழுத அவளுக்கு ஒரு காரணம் உண்டு. ‘நான்’ என்று எழுதினால் கணவர் தில்லையம்பலம் அதைக் கதையாக வாசிக்கமாட்டார். தன் மேல் வந்த முறைப்பாடாக வாசிப்பார். ‘அவள்’ என்றால் வேறு யாரோ ஒருத்தி என்று நினைத்து, பெருந்தன்மையோடு பென்சிலை எடுத்துத் திருத்துவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுடைய முதல் வாசகர் அவர்தான்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘அவுஸ்திரேலியச் செம்மண் காட்டினூடே, அந்தி சாயும் வேளையில், வெள்ளைக் கார் ஒன்று—’

கைவிட்டாள். அந்தி இல்லை, நல்ல மத்தியானம். செம்மண்ணும் இல்லை, காய்ந்த புல்லும் யூக்கலிப்டஸ் மரங்களும்தான். காரும் வெள்ளை இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று பொய் சொல்வது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

2

நடந்தது இவ்வளவுதான். ராஜியின் தம்பி பிரதாபன் மெல்பேர்னில் இருக்கிறான். விடுமுறைக்குப் போன இவர்கள் இரண்டு பேரையும் தன் காரில் ‘புஷ்’ பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். ஊர்களைத் தாண்டிய காட்டுப்புறம் முழுவதற்கும் அங்கே அதுதான் பெயர். மிருகக்காட்சிச்சாலையில் பார்த்தது கணக்கில் சேராது, வழியில் தானாக எதிர்ப்படுவதைத்தான் காணவேண்டும் என்று காருக்குள் ஒரு சட்டம் போட்டார்கள்.

ஓட்டியவர் தில்லையம்பலம். லண்டனில் வருடக்கணக்காக மினிகாப் டாக்சி ஓடியவருக்கு, சந்தியே இல்லாத வீதியில் சும்மா இருந்து வர மனம் வரவில்லை. இப்போது இங்கே லண்டனில் அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஓட்டம், மகள் கம்சிகாவின் இரண்டு பிள்ளைகளையும் பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றி வருவது. அதற்கு அவர் சப்பாத்துக்கூட மினுக்கிப் போட்டுக்கொண்டுதான் போவார்.

மனிதருக்குக் கண் கூர்மை. வீதிக்கு நேரே, எங்கோ தூரத்து மேட்டில் நின்ற கங்காருக்களை மற்ற இருவருக்கும் முன்பே கண்டுவிட்டார்.

“அந்தா! நாலு நிக்குது. குட்டியும் நிக்குது, வடிவாப் பாரும்!”

[தில்லையம்பலம், பென்சிலில்: ‘அஞ்சு. ஒண்டு படுத்திருந்தது.’]

அன்று மத்தியானம் ராஜி பின்சீட்டில் வலப்பக்கம் இருந்து, மரக்கொப்புகளில் கொவாலா தேடிக்கொண்டிருந்தாள். அப்போது இடப்பக்கப் புல்லுக்குள்ளிருந்து ஓர் ஈமு, வரி விழுந்த குஞ்சுகளையும் இழுத்துக்கொண்டு, வீதிக்கு ஏறியது. பிரதாபன் கத்தினான். தில்லையம்பலம் பிரேக் போட்டார். ராஜியின் மடியில் இருந்த மிக்சர் பை முன்சீட்டுக்குப் பறந்தது. ஈமு காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குஞ்சுகளை எண்ணி முடித்ததுபோல ஒரு நடை நடந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

“கண்டனீங்களே, அத்தான்?”

“காணாமலோ பிரேக் போட்டனான்? அது புல்லுக்கை நிக்கேக்கையே கண்டனான்.”

[பென்சிலில்: ‘இது ஒழுங்கு மாறிக் கிடக்கு. முதல் நான் பிரேக் போட்டனான். பிறகுதான் அவன் கத்தினவன். மாத்தும்.’]

3

மாற்றினாள். தில்லையம்பலம் பிரேக் போட்டார். பிரதாபன் கத்தினான்.

இரண்டே வாக்கியம். இடத்தை மாற்றிப் போட்டதும் கதை சிரித்த முகத்தோடு எழுந்து நின்றது: சமயோசிதமான ஒரு கணவர், பயந்தாங்கொள்ளி மைத்துனர், தப்பிய குஞ்சுகள். இப்படியே அனுப்பினால் எந்தச் சஞ்சிகையும் போடும். வாசகரே, நீங்களும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வாசித்துவிட்டு மறந்திருப்பீர்கள்.

ஆனால் அவரை இன்னும் கொஞ்சம் வீரராக்கலாம் என்று, மற்ற மிருகங்களையும் கண்ட இடங்களை எழுதத் தொடங்கினாள். அங்கேதான் பிசகியது. இடப்பக்க மதகடியில், கரடிக்குட்டிபோல உருண்டு நின்ற வொம்பாட்டை முதலில் காட்டியது பிரதாபன். வலப்பக்கம் மண் கிளறிய எக்கிட்னாவை, அந்த முள்ளு உடம்புக்காரனை, காட்டியது அவளே. இரண்டு முறையும் அவர், “ஓம் ஓம், கண்டனான்” என்றார். அவர் தானாகக் கண்டதெல்லாம் நேர் எதிரே நின்றவை; பக்கவாட்டில் நின்றது ஒன்றுமில்லை. காருக்குள் இருந்தபோது இது அவளுக்குப் படவேயில்லை. எழுதப்போய்த்தான் பட்டது. எழுதாமல் விட்டிருந்தால் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பாள்.

(இடையில் ஒன்று. ஓரப்பார்வை குறையத் தொடங்கினால் அந்த இடம் இருட்டாகத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படியில்லையாம். தன் அலுவலாகக் கிளினிக்குக்குப் போனபோது கேட்டாள், ஒரு நர்ஸ் விளக்கினார்: தெரியாத இடத்தை மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தானே நிரப்பிவிடுமாம். புல்லுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் புல். அப்படியானால் அவர் தெரிந்துகொண்டு பொய் சொல்லவில்லை. பிரதாபன் கத்தும்வரை அவருக்குத் தெரிந்த வீதியில் ஈமுவே இல்லை. தெரியாத இடத்தில் எதையாவது எழுதி நிரப்பும் வேலை தனக்கு மட்டும் உரியதல்ல என்று ராஜி அன்றைக்கு அறிந்துகொண்டாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இல்லை. பயம்தான் இருந்தது.)

இந்தத் தாளையும் இதற்குப் பிறகு உள்ளவற்றையும் அவள் அவரிடம் கொடுக்கவில்லை.

4

பிரதாபனுக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, அண்டைக்கு நீ கத்தினது முதலோ, அத்தான் பிரேக் போட்டது முதலோ?”

“ஏனக்கா இப்ப?”

“கதைக்குத்தான்.”

அவன், “கம்சிகான்ர பிள்ளையளை இப்பவும் அத்தானோ ஏத்திக்கொண்டு வாறவர்?” என்று கேட்டான்.

அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் மெதுவாகத் தொடங்கினாள். “இஞ்சேருங்கோ, கண்ணை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்.”

“எனக்கென்ன கண்ணுக்கு? நேர் றோட்டு மைல் கணக்கிலை தெரியுது. நீர்தான் இரவு பகலா எழுதி எழுதிக் கண்ணைப் பழுதாக்கிறீர்.”

“பக்கத்திலை வாறதும் தெரியவேணுமெல்லே?”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “ராஜி, லைசென்ஸைப் பறிச்சுப்போட்டால் நான் ஆர் சொல்லும்? பஸ் ஸ்டொப்பிலை நிக்கிற ஒரு கிழவன். பேரப்பிள்ளையளும் என்னைத் தேடாதுகள்.”

கண் பரிசோதனைக்கு இதுவரை இரண்டு தரம் நாள் வைத்தாயிற்று. இரண்டு தரமும் சொல்லிவைத்ததுபோல அவருக்குத் தடிமனும் தும்மலும் வந்தன. ராஜிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா இந்த மனிதர் கதையில் கமா திருத்திக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தாள்.

(அ) மறுநாள் காலை அவரே எழும்பி, “வாரும், கண்ணைக் காட்டிப்போட்டு வருவம்” என்கிறார். டொக்டர் சொட்டு மருந்து கொடுக்கிறார். எல்லாம் சுகம்.
[வெட்டிவிட்டாள். அவரோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். நீங்கள் நம்பினாலும் அவள் நம்பமாட்டாள்.]

(ஆ) பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பாதசாரிக் கடவையில், இடப்பக்கத்திலிருந்து, சின்ன மஞ்சள் கோட் ஒன்று—
[இதை முடிக்க அவளால் முடியவில்லை. மற்ற வாக்கியங்களைப் பிடிக்காமல் கைவிட்டாள். இதைப் பயந்து கைவிட்டாள். வெள்ளைக் காரைச் சாம்பல் காராக்கலாம், அந்தியை மத்தியானமாக்கலாம். கிங்ஸ்பரி வீதியில் பிரேக்கையும் கத்தலையும் இடம் மாற்றிப் போட யாராலும் ஏலாது.]

6

கடைசிப் பகுதி நடக்கும் முன்பே எழுதப்படுகிறது. அவசரத்தில் எழுத்து கோணலாக விழுகிறது.

கீழே முன்கதவடியில் அவர் சப்பாத்துப் போடும் சத்தம் கேட்கிறது.

“ராஜி! பள்ளிக்கூடம் விடப்போகுது. நான் போட்டு வாறன்!”

“நில்லுங்கோ, நானும் வாறன்!”

அவள் இறங்கிப் போவாள். அவர் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி, கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் சத்தமில்லாமல் அவருக்கு இடப்பக்கம் போய் நின்று, கார்த் திறப்பை, சாவியைத்தான், தரும்படி கையை நீட்டுவாள். வாய் திறக்கமாட்டாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரை இப்படிச் சோதிப்பது கேவலம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்யப்போகிறாள்.

அவர் தலையைத் திருப்பாமலே, “என்ன கையை நீட்டிக்கொண்டு நிக்கிறீர்?” என்று கேட்டால், இந்தக் கதை முழுவதும் பிழை. அவள் எல்லாத் தாளையும் கிழித்துவிட்டு, சந்தோஷமாகப் பக்கத்துச் சீட்டில் ஏறுவாள். அப்படிக் கேட்கவேண்டும் என்றுதான் மனம் கிடந்து அடிக்கிறது.

அவர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் எழுதிவைக்கவில்லை. பேனையை மூடப்போகிறாள். மிச்சத்தை நீங்கள்தான் எழுதவேண்டும். அவர் பக்கம் நின்று எழுதினாலும் அவளுக்கு உங்கள் மேல் கோபம் வராது, அவளும் அவர் பக்கம்தான். எழுதும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.