முகம் காட்டாத திந்தா

காலிக் கூண்டோடு வாசலில் நின்றாள் மிர்த்தா. முகத்தில் சிரிப்பு இல்லை.

கதவைத் திறந்த ஓதிலியா ஒதுங்கி வழிவிட்டாள். மிர்த்தாவின் பூனை மீட்புக் குழுவிடமிருந்து திந்தாவைத் தத்தெடுத்தபோது இரண்டே நிபந்தனைகள். மாடி ஜன்னலுக்கு வலை, வாராவாரம் புகைப்படம். வலை அன்றே கட்டியாயிற்று. படம்தான் வம்பாகிவிட்டது.

"இது யாரு?" போனை நீட்டினாள் மிர்த்தா.

"திந்தாதான்."

"யாருகிட்டம்மா காது குத்துறீங்க? தெருவுல பிடிச்சுக் கருத்தடை பண்ற பூனைக்கெல்லாம் ஒரு காது நுனிய வெட்டி விடுவோம், அடையாளத்துக்கு. இதுக்கு ரெண்டும் முழுசா இருக்கு. உண்மையச் சொல்லுங்க. மேலேர்ந்து விழுந்துட்டாளா?"

"ஐயோ, இல்ல கண்ணு! அது கீழ் மளிகைக்கடைப் பூனை. இவ காத நான் பாத்ததே இல்ல."

தத்தெடுத்து வந்த அன்று கூண்டைத் திறந்ததும் கறுப்பாக ஏதோ பாய்ந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்தது. தரிசனம் அவ்வளவுதான். ஆனால் ஓதிலியா பாத்திரம் கழுவினால் போதும், பின்னால் வந்து குதிகாலில் தலையை முட்டும். திரும்பினால் மாயம்.

டாக்ஸி கம்பெனியில் நாள் முழுக்க முகம் தெரியாத குரல்களுக்கு வண்டி அனுப்புகிறவள் ஓதிலியா. கணவன் போனபிறகு அவளைத் தொட்ட ஒரே உயிர் இதுதான்.

"கால முட்டிட்டு மாயமாயிடுதாக்கும்? கதை பிரமாதம். ஃபிரிட்ஜை நகத்துங்க. பூனைய எடுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம்! இன்னொரு தடவை மிரண்டா என்கிட்ட வரவே வராது. சத்தம் போடாம உக்காந்து மாத்தே குடி. நீயே பாரு."

மிர்த்தா வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து, அந்தக் கசப்பு இலைத் தேநீரைச் சுரைக்குடுவையிலிருந்து குழலால் உறிஞ்சினாள். ஓதிலியா முதுகைக் காட்டிக் குழாயைத் திறந்தாள். அந்த ஊருக்கு ஆகஸ்டுதான் குளிர்காலம்; தண்ணீர் விரலைக் கடித்தது. வராவிட்டால்? வேற்றாள் இருக்கும்போது வந்ததே இல்லையே.

பின்னால் குழல் உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது.

குதிகாலில் ஒரு சூடான முட்டு.

ஓதிலியா அசையவில்லை. "வந்துட்டாளா?"

"ம். காது நுனி இல்ல. திந்தாவேதான்." மிர்த்தாவின் குரல் இறங்கிவிட்டது.

"கண்ணு என்ன நெறம்?"

"மஞ்சள். உங்களையே அண்ணாந்து பாக்குறா."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"அழகிம்மா. மூக்குகிட்ட மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி."

மிர்த்தா மெல்ல எழுந்து, "படமெல்லாம் இனிமே வேண்டாம்மா," என்று கூண்டை எடுத்தாள்.

"இன்னொரு மாத்தே குடிச்சிட்டுப் போயேன்."

"பூனை குடுத்த மத்த வீட்டையும் போய்ப் பாக்கணும்மா."

கதவு சாத்திய சத்தத்தில் குதிகால் வெறுமையானது. ஓதிலியா திரும்பினாள். தரையில் யாருமில்லை. தொட்டியிலும் பாத்திரம் மீதமில்லை. அலமாரியிலிருந்து சுத்தமான தட்டு ஒன்றை எடுத்து, கழுவத் தொடங்கினாள்.