நிலாச் செலவு

சீட்டைப் பிரித்ததும் தனசேகரனுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். 'வீண்' என்று இருந்தது. நிலாவில் மனிதன் கால் வைத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு அமெரிக்க அரசாங்கம் கொட்டிய பணம் தகுமா, வீணா என்று சிராங்கூன் ரோடு வாசகசாலையில் பட்டிமன்றம். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை மேடையிலேயே சீட்டெடுத்து முடிவு செய்வது அங்கே வழக்கம். 'தகும்' சீட்டு லாசரஸுக்குப் போயிருந்தது.

பதினான்கு வருஷம் பட்டறை ஸ்டோரில் உழைத்த தனசேகரனைப் போன வருஷம் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியவர், அங்கே மேலாளராக இருந்த இந்த லாசரஸ்தான். அனுப்பியதைக்கூட மன்னித்திருப்பான். "கொடுக்கும் சம்பளத்துக்கு இவரால் பலன் இல்லை" என்று கைப்பட எழுதி, அதில் ஒரு நகலையும் அவனிடமே நீட்டினாரே, அதை மன்னிக்க முடியவில்லை. அந்தத் தாள் இப்போது சட்டைப் பையில் இருந்தது. நாலு பேர் முன்னால் அதை வாசித்து அந்த மனிதரைத் தலைகுனிய வைக்காமல் தன் கட்டை வேகாது என்று பதினோரு மாதமாகக் காத்திருந்தான்.

நடுவர் கோவிந்தசாமி அச்சகம் வைத்திருப்பவர். ஜெயித்தால் அங்கே பிழை திருத்தும் வேலை என்று தனசேகரனிடம் வாக்கே கொடுத்திருந்தார். "பழசக் கிளறாதீங்க. வேலைய வாங்கிட்டு வாங்க, போதும் லா," என்று கிளம்பும்போதே மனைவி பாக்கியலட்சுமி சொல்லியிருந்தாள். மூன்றாவது வரிசையில் இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நன்றாகத்தான் பேசினான். "அவங்க ஊர்லயே பசிச்ச வயிறு எத்தனை? அத்தனை கோடிக்கு வந்தது ரெண்டு பை கல்லு. பலன் இல்லாத செலவ இரக்கம் பாக்காம வெட்டணும்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

லாசரஸ் மெதுவாக ஆரம்பித்தார். "எதோட பலனையும் உடனே கேக்கக் கூடாதுங்க. விண்கலமோ மனுசனோ, அவகாசம் கொடுத்துத்தான் பாக்கணும்."

மனுசனோ. எந்த வாயால் சொல்கிறார் பாருங்கள். பதில் சொல்ல எழுந்த தனசேகரனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பாக்கியலட்சுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் தாளை எடுத்து வாசித்தான், கீழே இருந்த கையெழுத்துவரை. லாசரஸுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. அதைப் பார்க்கப் பார்க்க இவனுக்கு இனித்தது.

கோவிந்தசாமி கண்ணாடியைக் கழற்றினார். "தனசேகரன், பலன் இல்லன்னா வெட்டணும்னு இப்பத்தான நீங்க சொன்னீங்க. அப்ப இந்தத் தாள்ல எழுதியிருக்கிறது சரிதான?"

இதை அவன் யோசித்திருக்கவில்லை. சரி என்றால் ஜெயிக்கலாம், வேலையும் கிடைக்கும். லாசரஸும் தப்பித்துவிடுவார்.

"தப்பு," என்றான். "நான் இவ்வளவு நேரம் பேசினதும் தப்பு. அவங்க எவ்வளவு செலவு பண்ணியும் நிலாவுக்குப் போகட்டும். அவகாசம் கொடுக்கணும்னு சொல்றாரே, எனக்கு ஏன் கொடுக்கலன்னு அவரையே கேளுங்க."

லாசரஸ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். தனசேகரன் தன் கட்சியைத் தானே கைவிட்டதால் தீர்ப்பு அவர் பக்கம் போயிற்று.

தோற்றவர்தான் ஜெயித்தவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். தனசேகரன் நிதானமாகப் போர்த்தி, மடிப்பை நீவிவிட்டு, அந்தத் தாளை லாசரஸின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். யாரும் கைதட்டவில்லை. பொன்னாடைக்குள் அவர் நிமிராமல் நின்றார். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் பாக்கியலட்சுமி குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.